சிவப்பு நூல், மஞ்சள் நூல்

காட்டுப்பாக்கம்
16-1-69

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த நடுராத்திரியில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். பகலில் பேனாவைத் தொட முடிவதில்லை. இவருக்கு இந்த வாரம் நைட் ஷிப்ட். அம்பத்தூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து சேர விடிந்துவிடும். குழந்தை தேன்மொழி இப்போதுதான் தூங்கினாள். நீயும் மாமாவும் சுகந்தானே? கபிலனுக்கு இருமல் விட்டதா?

உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு அல்சேஷன் நாய் இருக்கிறது. பேர் புளோரா. போன மாதம் இருபத்தெட்டாம் தேதி ஏழு குட்டி போட்டது. எங்கே என்கிறாய்? நான் படுக்கிற கட்டிலுக்கு அடியில்.

இவர் பேக்டரியில் தேவராஜ் என்று வாட்ச்மேன்களுக்குத் தலைவர் ஒருவர். பட்டாளத்தில் நாய் பழக்கியவர். ஆவடியில் வீடு. அவர் நாய்களைக் கொட்டடியில் அடைத்து வளர்ப்பதில்லை. பெட்டை நாய்களைத் தெரிந்த குடும்பங்களில் ஒவ்வொன்றாக விட்டுவைக்கிறார். அங்கேயே வளர்ந்து அங்கேயே குட்டி போடும். இரண்டு மாதம் ஆனதும் குட்டிகளை அவர் வாங்கிப்போய் வேறு குடும்பங்களுக்குக் கொடுப்பார். எங்களுக்கு இரண்டு குட்டி. "கொட்டடியில வளர்ந்தது மனுஷனைப் பார்த்தா ஒண்ணு ஒளியும், இல்ல பாயும். கொழந்தை அழறது, அம்மி அரைக்கிறது எல்லாம் கேட்டு வளரணும்மா" என்கிறார். அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்றுதான்: குட்டி போட்டவளைக் கட்டிப்போடக் கூடாது.

இவருக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குத்தான் உயிர் கையில் இல்லை. தேன்மொழி எந்தப் பக்கம் தத்தி நடந்தாலும் புளோராவின் கண் அவள் பின்னாலேயே போகிறது. பக்கத்து வீட்டு வேம்புலியம்மாள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னா தாயி, பி.ஏ. படிச்சுட்டு நாய்க்குப் பிரசவம் பாத்துகினு கீறியே!" என்று கேலி பேசுகிறாள். சிரித்தேன். ஆனால் அக்கா, ஒரு நாய் எப்போது எதை நினைக்கும் என்று யாருக்குத் தெரியும்?

குட்டிகள் ஏழும் ஒரே அச்சு. அடையாளத்துக்குக் கழுத்தில் ஆளுக்கொரு கலரில் கம்பளி நூல் கட்டியிருக்கிறார் தேவராஜ். தேன்மொழி நூல் கலரைச் சொல்லியே கூப்பிடுகிறாள்.

மாமாவுக்கு என் வணக்கம்.

உன் தங்கை
தாட்சாயிணி

*

பொன்மலை
22-1-69

அன்புள்ள தாட்சுவுக்கு,

உன் கடிதம் வந்தது. இருமல் கபிலனை விட்டு இப்போது உன் மாமாவைப் பிடித்திருக்கிறது. மற்றபடி ரயில்வே காலனியில் எல்லாரும் ஒரு குறையும் இல்லாமல் ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறோம்.

ஏண்டி, ஏழு குட்டி போட்டவள் அவள், தூக்கம் போனது உனக்கா? நாய்க்குத் தெரியாதா குழந்தையை? உன் புருஷன் வரதனுக்கு இருக்கிற தைரியத்தில் கால்வாசி உனக்கு இருக்கக் கூடாதா? சின்ன வயசில் பல்லி விழுந்ததற்கு மூன்று நாள் ஜுரத்தில் கிடந்தவள்தானே நீ.

உன் கடிதத்தை நான் சத்தம் போட்டுப் படித்தது தப்பாகப் போயிற்று. கபிலன் பிடித்துக்கொண்டான். இரண்டு குட்டி உங்களுக்கு என்றால் ஒன்று அவனுக்காம். மாமா ரயில்வே பாஸுக்கு எழுதிவிட்டார். பிப்ரவரி இருபத்துமூன்று, ஞாயிற்றுக்கிழமை காலை வருவோம். தேன்மொழிக்கு முத்தம்.

லோகநாயகி

*

காட்டுப்பாக்கம்
4-2-69

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவின் இருமலுக்கு மிளகுக் கஷாயம் கொடு. இங்கே எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறோம்.

குட்டி விஷயமாகத்தான் எழுதுகிறேன். வேண்டாம் அக்கா. காலனி வீட்டில் இடம் ஏது? நாள் முழுக்க மூத்திரம் துடைக்க வேண்டும். கபிலனுக்கு ஏதாவது சொல்லிச் சமாளி. ஒரு சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொல்லேன்.

சனிக்கிழமை இந்தப் பக்கம் ஒரு தெருநாய் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. பூந்தமல்லி ரோட்டில் பையன்கள் அடித்துக் கொன்றுவிட்டார்கள். வெறிநாயாம். எங்கள் வேலி வரைக்கும் வந்தது. நான் கதவைச் சாத்திவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை. அன்றிலிருந்து வேலிப் படலை மூன்று தரம் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன், அவ்வளவுதான்.

ஊருக்கு வருவதானால் வாருங்கள். குட்டி மட்டும் வேண்டாம்.

தாட்சாயிணி

*

பொன்மலை
10-2-69

அன்புள்ள தாட்சுவுக்கு,

இருமல் நின்றது. கஷாயத்தைக் குடிக்காமல் பயந்தே நின்றுவிட்டது.

நீ வேண்டாம் என்பாய் என்று எனக்குத் தெரியும். உனக்கு ஆடும் ஆகாது, மாடும் ஆகாது. ரோட்டில் போன நாய்க்கு வீட்டில் இருக்கிற குட்டி என்ன பண்ணும்? நீதான் கதவைச் சாத்திவிட்டாயே. கபிலன் ஸ்லேட்டில் நாளை எண்ணி எண்ணிக் கோடு போட்டுக்கொண்டிருக்கிறான். இனி அவனிடம் இல்லை என்று சொல்லும் தைரியம் எனக்குக் கிடையாது. குட்டி படுக்க மாமா பழைய ஷர்ட்டைக்கூட எடுத்து வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம். எனக்கு மட்டும் மீன் குழம்பு வைத்துவிடு, நாய்க்கில்லை.

லோகநாயகி

*

காட்டுப்பாக்கம்
28-2-69

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாய்ப் போய்ச் சேர்ந்தீர்களா? ரயிலில் குட்டி கத்தியதா? நீங்கள் போன பிறகு வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. மற்ற ஐந்து குட்டிகளையும் அடுத்த நாளே தேவராஜ் ஆள் வைத்து எடுத்துப்போனார். ஒன்று அண்ணனூருக்கு, ஒன்று பாரிவாக்கத்துக்கு, மற்றவை எங்கெங்கேயோ. எங்களிடம் இருப்பது மஞ்சள் நூல் மட்டும். தேன்மொழி அதற்குப் பொம்மி என்று பேர் வைத்திருக்கிறாள்.

அக்கா, குட்டி தண்ணீர் குடிக்கிறதா? பால் அல்ல, தண்ணீர். கிண்ணத்தில் வைத்ததும் குடிக்கிறதா, இல்லை பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறதா? இதை மட்டும் கவனித்து எழுது. இரவில் அதைக் கொல்லையில் கட்டிவை. கபிலன் பக்கத்தில் படுக்கவிடாதே. அதன் வாயில் விரல் வைத்து விளையாட வேண்டாம் என்று சொல். குட்டிப் பல் ஊசி மாதிரி இருக்கும். தண்ணீர் குடிக்கிறதா என்று மறக்காமல் எழுது.

வேறு விசேஷம் இல்லை. இவர் உங்களை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

தாட்சாயிணி

*

பொன்மலை
8-3-69

அன்புள்ள தாட்சுவுக்கு,

நாங்கள் நலம். நாலு பேரும் நலம் என்றுதான் எழுத வேண்டும், கபிலன் அப்படித்தான் எழுதச் சொல்கிறான். குட்டிக்குச் சோழன் என்று பேர் வைத்தாயிற்று. ராத்திரி கொல்லையில் கட்டினேன். பத்து நிமிஷம் ஊளையிட்டான், பக்கத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து சண்டைக்கு வந்துவிட்டார்கள். இப்போது கபிலனின் போர்வைக்குள்தான் தூக்கம். கபிலனின் இரண்டு கையிலும் ஒரே கீறல், முள்வேலிக்குள் கையை விட்டவன் மாதிரி. நேற்று கட்டை விரலில் ரத்தமே வந்தது. இவன் அழவில்லை. "சோழன் யுத்தம் பண்ணான்மா" என்கிறான்.

தண்ணீர் குடிக்கிறான். ஏண்டி, ஒரே கடிதத்தில் மூன்று தரம் கேட்டிருக்கிறாயே! நாங்கள் அங்கே வந்திருந்தபோதே கவனித்தேன். குட்டியைக் கூடையில் வைக்கும்போது உன் முகம் சரியாக இல்லை. பிரிய மனசு வரவில்லை போலிருக்கிறது என்று மாமாவிடம் சொன்னேன். அதுதானா? வேறு ஏதாவதா?

லோகநாயகி

*

காட்டுப்பாக்கம்
11-3-69

அக்கா,

இதற்கு முன்னால் என் தந்தி வந்திருக்கும். குட்டியிடமிருந்து கபிலனைப் பிரித்து வை, கடிதம் வருகிறது என்று அடித்தேன். தந்தியில் எழுத முடியாததை இதில் எழுதுகிறேன். படித்து முடித்ததும் கபிலனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விடு. சமையலை அப்படியே விட்டுவிட்டுப் போ.

அந்தச் சனிக்கிழமை நான் கதவைச் சாத்தவில்லை.

காலை பத்து மணி இருக்கும். குட்டிகளைத் தோட்டத்தில் வெயிலில் விட்டிருந்தேன். தேன்மொழி போய்க் குட்டிக் குவியலுக்குள் கையை விட்டாள். புளோரா உறுமியது. கடிக்கவில்லை, உறுமியதுதான். எனக்கு உயிரே போய்விட்டது. தேவராஜ் சொன்னதெல்லாம் மறந்து, அதைச் சமையலறை ஜன்னல் கம்பியில் கயிறு போட்டுக் கட்டினேன். தேன்மொழியை உள்ளே தூக்கிவந்தேன். தண்ணீர் எடுத்துவரத் திறந்த வேலிப் படல் மூடாமலே கிடந்தது.

ஜன்னல் கம்பி ஆடுகிற சத்தம் கேட்டுத்தான் திரும்பினேன். புளோரா கயிற்றை இழுத்த இழுப்பில் கம்பி ஆடியது. வெளியே போய்ப் பார்த்தால் ஒரு செம்பட்டை நாய். வாயிலிருந்து எச்சில் நூலாகத் தொங்குகிறது. அந்த வாயில் ஒரு குட்டி. இரண்டு உதறு உதறிக் கீழே போட்டது. நான் குடத்தை வீசினேன். அது என்னைப் பார்க்கக்கூட இல்லை, தள்ளாடிக்கொண்டு படல் வழியாகப் போய்விட்டது.

ஏழு குட்டியும் ஒன்றாகச் சேர்ந்து கத்துகின்றன. எதை எடுத்தது என்று தெரியவில்லை. மண்ணில் இரண்டு நூல் கிடந்தது, சிவப்பும் மஞ்சளும். மற்ற ஐந்துக்கும் கழுத்தில் நூல் இருந்தது. நூல் இல்லாத இரண்டையும் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஒன்றின் காதுக்குப் பின்னால் அரிசி அளவு ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. கடிபட்டது இதுதான் என்று முடிவு பண்ணினேன். எனக்கு அடையாளம் தெரிய அதன் கழுத்தில் சிவப்பைக் கட்டினேன். மஞ்சளை மற்றதற்கு.

மத்தியானம் வேம்புலியம்மாள் வந்தாள். "பூந்தமல்லி ரோட்டாண்ட அடிச்சே கொன்ட்டாங்க. உங்க ஊட்டாண்ட வர்ல இல்ல?" என்றாள். இல்லை என்றேன். நாயைக் கட்டியது நான், படலைத் திறந்து போட்டதும் நான். இவரிடமும் இல்லை என்றேன். உனக்கும் அப்படியே எழுதினேன். முதலில் சொன்ன இல்லையை அப்புறம் மாற்ற வரவில்லை. நாய்க்குப் பயந்ததைவிட இவருக்கும் தேவராஜுக்கும் பதில் சொல்லப் பயந்தேன்.

இன்னும் இருக்கிறது, அக்கா. நீங்கள் வந்த ஞாயிற்றுக்கிழமை இவர் எங்கள் பங்கான சிவப்பு, மஞ்சள் இரண்டு குட்டியையும் கபிலன் முன்னால் விட்டார். நான் காபி டம்ளரோடு சமையலறை வாசலில் நின்றேன். கபிலன் இரண்டையும் தூக்கிப் பார்த்தான். சிவப்பைத்தான் மடியில் வைத்துக்கொண்டான். "இதுதான் சமத்து" என்று நீ சொன்னாய். வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. அந்த நேரத்தில் என் மனசில் ஓடியது என்ன தெரியுமா? இது போய்விட்டால் தேன்மொழிக்குப் பக்கத்தில் இருக்காது. அவ்வளவுதான் நினைத்தேன். காபி ஆறுகிறது என்றேன்.

கட்டை விரலில் ரத்தம் வந்தது என்று எழுதியிருக்கிறாய். உடனே போ.

தாட்சு

*

பொன்மலை
27-3-69

தாட்சாயிணிக்கு,

தந்தி புதன்கிழமை வந்தது, கடிதம் வியாழக்கிழமை. அன்றே ஊசி ஆரம்பித்தோம். தொப்புளைச் சுற்றிப் பதினாலு. நேற்று முடிந்தது. முதல் நாலு ஊசிக்கு அழுதான். பிறகு அழவில்லை, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. சட்டையைத் தானே தூக்கிக்கொண்டு நிற்கக் கற்றுக்கொண்டான்.

ஒவ்வொரு நாளும் பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. மாமா எழுதாதே என்று சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை. இங்கே உன் பேரை யாரும் எடுப்பதில்லை. நீ நாயைக் கட்டியதையும் படலை மறந்ததையும் நான் என்றைக்கோ மறந்துவிடுவேன். அந்தக் காபி டம்ளரோடு நின்றாயே, அதைப் பற்றி இப்போது எழுத மாட்டேன்.

எழுத வேண்டியது வேறு. சோழன் உயிரோடு இருக்கிறான். ஷெட் பக்கம் ஒரு காலி ரூமில் சங்கிலியில் கட்டி, தினமும் மாமாவே போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். தின்கிறான், தண்ணீர் குடிக்கிறான், மாமாவைப் பார்த்து வாலாட்டுகிறான். கடித்து இருபது நாள் ஆகிவிட்டது. கபிலன் விஷயத்தில் இனிப் பயமில்லை, ஆனாலும் நாய் மேல் இன்னும் கொஞ்ச நாள் கண் வையுங்கள் என்கிறார் டாக்டர். காதுக்குப் பின்னால் இருந்த புள்ளியைப் பற்றிக் கேட்டேன். குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடினாலே அப்படி வரும் என்றார்.

படிக்கிறாயா? இரண்டு நூல் கீழே கிடந்தது என்று நீதான் எழுதினாய். நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் மஞ்சள் குட்டிக்கு நூல் கட்டியதோடு சரி, மேற்கொண்டு ஒரு வரி இல்லை. தேன்மொழிக்கு ஊசி போட்டாயா? அது அவள் கூடத்தானே இருக்கிறது?

லோகநாயகி

*

காட்டுப்பாக்கம்
6-4-69

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா என்று கேட்கக் கூசுகிறது. கபிலன் எப்படி இருக்கிறான்? சாப்பிடுகிறானா?

உன் கடிதம் போன ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது. வேம்புலியம்மாள் பேரன் கல்யாணத்துக்கு வந்த தபால்காரர், லீவு நாள் என்று பார்க்காமல் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார். நின்றபடியே படித்தேன். கடைசி வரியைப் படித்ததும் பொம்மி எங்கே என்று தேடினேன். கட்டிலுக்கு அடியில், சுவரோடு ஒட்டிக் கிடந்தது. வைத்த தண்ணீர் அப்படியே இருந்தது. எத்தனை நாளாக என்று யோசித்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், அக்கா. வெயிலுக்குச் சுணங்கிக் கிடக்கிறது என்று நினைத்தேன். இது நல்ல குட்டி என்று நானே முடிவு பண்ணிவிட்டேனே! கீழ்த்தாடை தொங்கிப்போயிருந்தது. முள் மாட்டிக்கொண்டதோ என்று முதல்நாள் தேன்மொழிதான் அதன் வாய்க்குள் கையை விட்டுத் தேடினாளாம். "பொம்மிக்கு வாய் வலிக்குதும்மா" என்றாள்.

இவரை எழுப்பி எல்லாவற்றையும் சொன்னேன். திட்டவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஆவடிக்குப் போனார். தேவராஜ் கனமான கையுறையும் கோணியுமாக வந்து குட்டியை எடுத்தார். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். "இன்னாம்மா இது. கட்டினது தப்புதான், யாரும் பண்றதுதான். அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீன்னா ஏழையும் தனியா வச்சிருப்பேனே. அஞ்சு ஊட்லயும் கொழந்தைங்க கீதும்மா" என்றார். புளோராவையும் ஓட்டிப்போய்விட்டார். அது தேன்மொழியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று. மற்ற ஐந்து வீட்டுக்கும் அவரே சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்ணனூர் வீட்டில் அவரைப் பேசாத பேச்சு இல்லையாம்.

பொம்மி புதன்கிழமை செத்துப்போயிற்று. மாட்டாஸ்பத்திரியில் தலையைச் சோதித்தார்கள். வெறிநோயேதான் என்று சொல்லிவிட்டார்கள்.

தேன்மொழிக்குத் திங்கட்கிழமையே ஊசி ஆரம்பித்தோம். விடியற்காலை பஸ் பிடித்துப் பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நேரத்தோடு வந்துவிட்டோமா என்று இவர் கேட்டதற்கு, "வந்துவிட்டீர்களே, அதுதான் முக்கியம்" என்றார் டாக்டர். கேட்டது அது இல்லையே. எனக்கும் இவருக்கும் கூடப் போடுகிறார்கள். எனக்கு வலி தெரியவில்லை.

பயந்து பயந்து நான் உன் வீட்டுக்குத் தள்ளிவிட்டது நல்ல குட்டியை. மன்னித்துவிடு என்று இப்போது கேட்கமாட்டேன். கேட்டால் தேன்மொழிக்காகவாவது நீ சரி என்று சொல்லிவிடுவாய். அப்படி வாங்க வேண்டாம்.

ஆனால் வேறு ஒன்று கேட்டே ஆக வேண்டும். உன்னைத் தவிர இதைக் கேட்க எனக்கு ஆள் இல்லை. இன்று ஏழாவது ஊசி. அவள் வயிறு கல் மாதிரி இறுகி, தொப்புளைச் சுற்றிச் சிவந்து வீங்கியிருக்கிறது. தொட்டால் துடிக்கிறாள். நாளைக்கு எந்த இடத்தில் குத்துவார்கள் என்றே தெரியவில்லை. கபிலனுக்கும் ஏழு ஊசிக்குப் பிறகு இப்படி வீங்கியதா? வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாயா, கொடுக்கக் கூடாதா? சாயங்காலத்திலிருந்து உடம்பு சுடுகிறது. தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மடக்கு குடித்தாள், பிறகு தள்ளிவிட்டாள். ஊசி ஜுரத்துக்கு அப்படி இருக்குமா? கபிலன் ஏதாவது ஒரு நாள் தண்ணீரைத் தள்ளினானா? டம்ளரை எடுத்துக்கொண்டு இப்போதுதான் மூன்றாம் தரமாக அவளிடம் போய்விட்டு வந்தேன்.

நீ என் மேல் எவ்வளவு கோபமாக இருந்தாலும் இருந்துகொள். இதற்கு மட்டும், ஒரு கார்டில் இரண்டு வரியானாலும் சரி, உடனே பதில் போடு.

தாட்சு